ஆர்டர் ரெடியா அண்ணா? – வாசகர் கேள்வி பதில்

இரண்டு இதழுக்கு முன்னால் என் வேலையைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். வயது 25, பி.காம் முடித்தவள், வேளச்சேரி, பள்ளிக்கரணை, மடிப்பாக்கம் சுற்றுவட்டாரத்தில் ஸ்கூட்டரில் சாப்பாடு டெலிவரி செய்கிறேன், மூன்றரை வருஷம் ஆகிறது. அவ்வளவுதான் அதில் இருந்தது. அதற்குப் போய் இத்தனை கடிதம் வரும் என்று நானும் நினைக்கவில்லை, ஆசிரியரும் நினைக்கவில்லை. நீயே பதில் எழுதும்மா என்று கட்டாகக் கொடுத்துவிட்டார். எல்லாவற்றுக்கும் எழுத இடம் இல்லை. "கல்யாணம் ஆகிவிட்டதா?" என்று மட்டும் கேட்ட ஒன்பது பேரைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன், அவர்கள் மன்னிக்கணும்.

காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள், ராத்திரி எப்போது திரும்புவீர்கள்? ஒரு நாளை அப்படியே சொல்லுங்களேன்.
– கும்பகோணம் வாசகி

உங்களுக்குச் சொல்வதற்காகவே போன செவ்வாய்க்கிழமை முழுக்க ஒரு சின்ன நோட்டில் நேரத்தைக் குறித்துக்கொண்டே வந்தேன். என்னைப் பார்த்துக் கூட ஓட்டும் பசங்க, "என்ன அக்கா, கந்து வட்டிக் கணக்கா?" என்று கேட்டார்கள்.

11 மணிக்கு லாகின். அதற்கு முன்னால் வீட்டில் சமையல், அம்மாவுக்கு மாத்திரை, வண்டியைத் துடைத்து டயரில் காற்று பார்ப்பது, அதெல்லாம் கணக்கில் வராது. விஜயநகர் பாலத்துக்கு அடியில் நிழல் இருக்கிறது, அங்கேதான் போய் நிற்பேன். பக்கத்தில் ஹோட்டல்கள் நிறைய, அதனால் ஆர்டர் சீக்கிரம் விழும் என்று எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை. அதே நம்பிக்கையில் இருபது வண்டி அங்கே நிற்கும் என்பதால் விழவும் விழாது. அன்றைக்கு முதல் ஆர்டர் விழும்போது மணி 11:40.

12 மணியிலிருந்து இரண்டரை வரைக்கும் மதிய ஓட்டம். பிரியாணி, மீல்ஸ், ஆபீஸில் இருப்பவர்களுக்கு ஜூஸ். அதில் ஏழு ஆர்டர் முடித்தேன். மூன்று மணிக்கு மேல் ஊர் தூங்கிவிடும். ஆறரை வரைக்கும் இரண்டே இரண்டு, ஒன்று பஜ்ஜி, இன்னொன்று ஒரு குழந்தையின் பிறந்த நாளுக்கு அரை கிலோ கேக். கேக் வந்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும், வேளச்சேரி ரோட்டில் எந்தெந்த இடத்தில் பள்ளம் என்று மனப்பாடமாகத் தெரிந்திருந்தும் டிக்கியில் வைக்காமல் காலுக்கு நடுவில் வைத்து இருபதில்தான் ஓட்டுவேன். ஏழு மணிக்கு மேல் ராத்திரி ஓட்டம், எட்டு ஆர்டர். 10 மணிக்கு லாகவுட்.

ஆக 11 மணி நேரம், 660 நிமிஷம், 17 ஆர்டர், 95 கிலோமீட்டர். இப்போது நோட்டைப் பாருங்கள். வண்டி ஓடியது 300 நிமிஷம். ஹோட்டல் வாசலில் "ஆர்டர் ரெடியா அண்ணா?" என்று நின்றது 140. அபார்ட்மென்ட் கேட்டிலும் லிஃப்டிலும் கதவு திறக்கும் வரைக்குமாக 85. ஆர்டரே இல்லாமல் பாலத்துக்கு அடியில் 95. சாப்பாடு, டீ, பாத்ரூம் எல்லாம் சேர்த்து 40. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும், நான் பி.காம்.

பாதி நாளுக்கு மேல் நான் வண்டியே ஓட்டவில்லை என்பது எனக்கே நோட்டைப் பார்த்துத்தான் தெரிந்தது. நிற்பதற்குத்தான் காசு கிடையாது. ஆர்டருக்கு இவ்வளவு, தூரத்துக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. தோசை மாஸ்டர் டீ குடிக்கப் போயிருந்தால் அந்தப் பத்து நிமிஷம் என்னுடையதுதான் போகும்.

பி.எஸ்சி. முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். ஸ்கூட்டி இருக்கிறது. நானும் சேரலாமா? மாசம் முப்பதாயிரம் வரும் என்று வீடியோக்களில் சொல்கிறார்களே, உண்மையா அக்கா?
– திருச்சி வாசகி

அந்தச் செவ்வாய்க்கிழமையையே எடுத்துக்கொள் தங்கச்சி. 17 ஆர்டருக்கு 612 ரூபாய், டார்கெட் தொட்டதற்கு இன்சென்டிவ் 130, டிப்ஸ் 40. மொத்தம் 782. ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போடுபவர்கள் இதோடு நிறுத்திவிடுவார்கள். என் வண்டி பழசு, 45 கிலோமீட்டர் கொடுத்தாலே அதிர்ஷ்டம், லிட்டர் 100 ரூபாய்க்கு மேல், ஆக பெட்ரோலுக்கு 210 போயிற்று. ஆயில், பிரேக் ஷூ, டயர், பெல்ட் என்று எப்போதாவது மொத்தமாக ஒரு செலவு வந்து நிற்கும், அதற்காகத் தினம் 60 எடுத்து ஒரு டப்பாவில் போட்டுவிடுவேன். மிச்சம் 512. அதை 11-ஆல் வகுத்தால் மணிக்கு 46 ரூபாய் சொச்சம்.

சனி, ஞாயிறு இதைவிட நன்றாக இருக்கும், மழை பெய்தால் இன்னும் நன்றாக இருக்கும். எல்லாம் சேர்த்து மாசம் கையில் நிற்பது 15,000, 16,000. முப்பதாயிரம் எடுப்பவர்கள் இல்லாமல் இல்லை, பேச்சிலர் பசங்க, காலை ஏழுக்கு ஆரம்பித்து ராத்திரி ஒரு மணி வரைக்கும் லீவே போடாமல் ஓட்டுபவர்கள். பெட்ரோலைக் கழிக்காமல் சொல்கிற முப்பதாயிரம் அது, அதையும் ஞாபகம் வைத்துக்கொள்.

அப்படியென்றால் நீ ஏன் ஓட்டுகிறாய் என்று கேட்பாய். இதற்கு முன்னால் ஒரு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். பிடித்தம் போக 11,500, பத்து மணி நேரம் நின்றபடி. கடையில் வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை கொடுக்கணும் என்று 2021-ல் நம் ஊரில் சட்டமே திருத்தினார்கள், எங்கள் மாடியில் ஒரு ஸ்டூல் வந்தது, அதில் சூப்பர்வைசர் உட்கார்ந்தார். இங்கே சீட் வண்டியோடே வருகிறது. அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகணும் என்றால் யாரிடமும் கை கட்டி நிற்க வேண்டாம், ஆப்பை அணைத்தால் போதும். எனக்கு அந்த ஒரு காரணம்தான்.

சேர்வதென்றால் மூன்று விஷயம் பார். லைசென்ஸ் உன் பெயரில் இருக்கணும், கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் எடுத்திருந்தால் அண்ணனின் பைக்கை ஓட்டக்கூடாது. பான் கார்டை முதலிலேயே கொடுத்துவிடு, கொடுத்தால் 1 சதவீதம் டி.டி.எஸ். (காசு கொடுக்கும்போதே பிடிக்கும் வரி), கொடுக்காவிட்டால் 20 சதவீதம் பிடிப்பார்கள். பிடித்ததை வருமான வரி ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம், நம் வருமானத்துக்கு வரியே வராது. எங்கள் பாலத்தடியில் பாதிப் பேருக்கு இது தெரியாது, போன வருஷம் ஆறு பேருக்கு நானே போட்டுக் கொடுத்தேன். அப்புறம் வண்டிக்குக் கடன் வாங்கி இந்த வேலையில் சேராதே. என் வண்டி அம்மா ஸ்கூட்டர் திட்டத்தில் வந்தது. 2018-ல் என் அம்மா தையல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது பாதி விலை மானியம், 25,000 வரைக்கும் கொடுத்தார்கள். தவணை கட்ட வேண்டியிருந்தால் என் கணக்கு முதல் மாசமே உதைத்திருக்கும்.

கேட்கக் கூச்சமாக இருக்கிறது. நாள் முழுக்க ரோட்டில் இருக்கிறீர்களே, பாத்ரூமுக்கு என்ன செய்வீர்கள்? "அந்த மூன்று நாளில்"?
– பெயர் வேண்டாம், கோயம்புத்தூர்

வந்த கடிதங்களிலேயே உருப்படியான கேள்வி இதுதான், இதற்கு ஏன் கூச்சம்?

ஆப்பில் இருக்கும் மேப் எல்லாருக்கும் ஒன்றுதான். என் மண்டைக்குள் இன்னொரு மேப் இருக்கிறது, அதில் ஏழே இடம். இரண்டு பெட்ரோல் பங்க். அதில் ஒன்றில் சாவி மேனேஜரிடம் இருக்கும், அவர் ஆறு மணிக்குப் போய்விட்டால் சாவியும் போய்விடும். ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் தரைத்தளம், அங்கே யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை, முகத்தை மட்டும் கொஞ்சம் கவலையாக வைத்துக்கொள்ள வேண்டும். வேளச்சேரி ரயில்வே ஸ்டேஷன். ஒரு கல்யாண மண்டபம், முகூர்த்த நாளில் மட்டும். ஒரு ஜூஸ் கடைக்காரக்கா வீடு, கடைக்குப் பின்னாலேயே இருக்கிறது, வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் கேட்க எனக்கே மனசு வராது. ஏழாவது என் வீடு.

கவனித்தீர்களா, ஏழில் ஒரு ஹோட்டல்கூட இல்லை. தினம் அவர்கள் வாசலில் 140 நிமிஷம் நிற்கிறேன், அவர்கள் சமைத்ததைத்தான் சுமக்கிறேன், ரெஸ்ட்ரூம் கேட்டால் "கஸ்டமருக்கு மட்டும்மா" என்பார்கள். பசங்களுக்கு இந்தப் பிரச்சினை பாதிதான், பள்ளிக்கரணையில் மறைவுக்கா பஞ்சம். முதல் வருஷம் நான் கண்டுபிடித்த வழி தண்ணீரே குடிக்காமல் இருப்பது. மே மாசம், கத்திரி வெயில், காலையில் ஒரு டம்ளர், ராத்திரி வந்து ஒரு சொம்பு. ஜூனில் நீர்க்கடுப்பு வந்து காய்ச்சலோடு படுத்தேன், டாக்டரம்மா திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. பத்து நாள் வருமானம் போனது, மருந்துச் செலவு தனி. இப்போது ஒரு லிட்டர் பாட்டில் டிக்கியில் இருக்கும், ஆர்டரையே பாத்ரூமைப் பார்த்துத்தான் எடுப்பேன், அதாவது மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது அந்த ஏழில் ஒன்றின் பக்கம் போகிற மாதிரி. தூரத்து ஆர்டர் விழுந்து பெரும்பாக்கம் தாண்டிப் போய்விட்டால் அன்றைக்கு என் மேப் வேலை செய்யாது.

மாதவிடாய்க்கு ஸ்விக்கி நிறுவனம் 2021-ல், வழக்கமாக ஓட்டும் பெண்களுக்கு மாசம் இரண்டு நாள் சம்பளத்தோடு விடுப்பு என்று அறிவித்தது. காரணம் கேட்கமாட்டோம் என்றும் சொன்னார்கள், நல்ல விஷயம். எல்லா நிறுவனத்திலும் இது கிடையாது. நான் எப்போதும் இரண்டாம் நாள் மட்டும் வீட்டில் இருப்பேன், மற்ற நாளில் கறுப்பு பேன்ட், டிக்கியில் பழைய செய்தித்தாளும் ஒரு மாற்றுத்துணியும். மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது இடுப்பில் ஒரு இழு இழுக்கும் பாருங்கள், அது ஓட்டியவர்களுக்குத்தான் தெரியும்.

சென்னை மாநகராட்சி 2025-ல் அண்ணா நகரில் எங்களைப் போன்றவர்களுக்காக ஏ.சி. ஓய்வறை திறந்தது. உட்காரலாம், போனுக்குச் சார்ஜ் போடலாம், கழிப்பறை உண்டு. அந்தப் பக்கம் ஓட்டும் ஒரு பெண்ணிடம் பேசினேன், தினம் போகிறாளாம். வேளச்சேரிக்கு ஒன்று வரட்டும், முதல் ஆளாக நான் போய் நிற்கிறேன்.

எங்கள் குடியிருப்பில் 212 வீடுகள். டெலிவரி ஊழியர்கள் சர்வீஸ் லிஃப்டைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று சங்கத்தில் தீர்மானம் போட்டோம். பாதுகாப்புக்காகத்தான். ஆனால் உங்கள் கட்டுரையைப் படித்த என் மனைவி என்னைத் தப்பு சொல்கிறாள். உங்கள் கருத்து?
– குடியிருப்போர் சங்கச் செயலாளர், சென்னை

உங்கள் வீட்டம்மாவின் பக்கம்தான் சார் நான்.

கேட்டில் பெயர், போன் நம்பர், ஃபிளாட் நம்பர் எழுதச் சொல்கிறீர்கள், எழுதுகிறேன். செக்யூரிட்டி அண்ணா இன்டர்காமில் கூப்பிடுகிறார், எடுக்கவில்லை, மறுபடி கூப்பிடுகிறார், நிற்கிறேன். பாதுகாப்புக்கு அது போதும், என் பெயரும் நம்பரும் போட்டோவும் ஏற்கெனவே ஆர்டர் போட்டவரின் போனில் இருக்கின்றன. அதற்கப்புறம் எந்த லிஃப்டில் ஏறினால் பாதுகாப்பு கூடும் என்று எனக்கு விளங்கவில்லை. சர்வீஸ் லிஃப்ட் என்பது பெரும்பாலும் ஒன்றே ஒன்று இருக்கும், குப்பை டிரம்மும் பெயின்ட் டப்பாவும் அதில்தான், 14-ஆம் மாடிக்கு அது வந்து போவதற்குள் தோசை அப்பளம் ஆகிவிடும். கஸ்டமர் "ஆறிப்போச்சு" என்று ஒரு ஸ்டார் போடுவார். அது தீர்மானம் போட்ட உங்கள் தலையில் விழாது, ஹோட்டல் தலையிலும் விழாது.

போன மாசம் ஒரு இடத்தில் சர்வீஸ் லிஃப்ட் பழுது. நல்ல லிஃப்ட் இரண்டும் காலியாகத் தரைத்தளத்தில் கதவைத் திறந்துகொண்டு நிற்கின்றன. செக்யூரிட்டி அண்ணாவுக்கு அறுபது வயசு இருக்கும், "நான் விட்டுடுவேம்மா, கேமரா இருக்கு" என்று மேலே கண்ணைக் காட்டினார். ஒன்பது மாடி ஏறினேன். கதவைத் திறந்த பெண்ணுக்கு விஷயமே தெரியாது, "ஏன் இப்படி வேர்க்குது, தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டார். நல்ல மனுஷிதான், சங்கக் கூட்டத்துக்குப் போயிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

தீர்மானத்தை எடுக்க முடியாவிட்டால் ஒன்று செய்யுங்கள். கேட்டுப் பக்கத்தில் ஒரு பெஞ்ச், ஒரு தண்ணீர் கேன், செக்யூரிட்டிகளின் பாத்ரூமை நாங்களும் பயன்படுத்தலாம் என்று ஒரு அட்டை. என் மேப்பில் எட்டாவது இடமாக உங்களைச் சேர்த்துக்கொள்கிறேன்.

என் மகளும் இதே வேலைக்குப் போகிறேன் என்கிறாள். ராத்திரி நேரம், முன்பின் தெரியாதவர்கள் வீடு, எனக்கு நெஞ்சு படபடக்கிறது. பயமில்லையா உனக்கு?
– மதுரை வாசகி, வயது 52

பயம் இருக்கும்மா. பழகிவிட்டது என்று சொன்னால் பொய்.

நான் வைத்திருக்கும் வழக்கங்களைச் சொல்கிறேன், மகளுக்குச் சொல்லுங்கள். நிலைப்படியைத் தாண்டுவதில்லை. "உள்ளே வந்து டேபிளில் வைச்சிடும்மா" என்று பெரியவர்களே அன்பாகச் சொன்னாலும் வாசலில் வைத்துவிட்டு ஒரு கும்பிடு. கதவைத் துண்டோடு திறந்தால் பார்சலைக் கீழே வைத்துவிட்டு இரண்டு படி இறங்கி நின்று ஓ.டி.பி. கேட்பேன். பசங்க சேர்ந்து தங்கும் ரூம், லாட்ஜ் என்றால் கீழே வரச் சொல்லுவேன், நூற்றில் தொண்ணூறு பேர் வந்துவிடுவார்கள், வராத பத்துப் பேருக்காகப் பாலத்தடிப் பசங்களில் யாரையாவது போனில் வைத்துக்கொண்டு ஏறுவேன். லைவ் லொகேஷன் அம்மா போனில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும், அம்மாவுக்கு மேப் பார்க்கத் தெரியாது, ஆனால் அந்தப் புள்ளி நகர்கிறதா என்று பார்ப்பாள். 181 மகளிர் உதவி எண்ணும் காவல் உதவி செயலியும் போனின் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும்.

ஆனால் எனக்குத் தொல்லை வந்தது நான் நினைத்த வழியில் இல்லை. ஆப் வழியாகக் கூப்பிட்டால் கஸ்டமருக்கு என் நம்பர் தெரியாது, மறைத்துத்தான் காட்டும், அந்த நம்பிக்கையில் இருந்தேன். கேஷ் ஆர்டர் ஒன்று, சில்லறை இல்லை, "ஜிபே பண்ணட்டுமா?" என்றார், என் க்யூ.ஆரைக் காட்டினேன். என் யு.பி.ஐ. ஐ.டி. என் போன் நம்பர்தான். அன்றைக்கு ராத்திரியே "ஹாய்", மறுநாள் "சாப்டீங்களா", நான்காம் நாள் ஒரு போட்டோ. பிளாக் செய்தேன், வேறு நம்பரிலிருந்து வந்தது. கடைசியில் பாலத்தடிப் பசங்க போன் போட்டுப் பேசியதும் நின்றது. என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. இப்போது போன் நம்பர் இல்லாத யு.பி.ஐ. ஐ.டி. ஒன்றை உருவாக்கி வைத்திருக்கிறேன், இரண்டு நிமிஷ வேலை. உங்கள் மகள் முதல் நாளே அதைச் செய்துவிடட்டும்.

மற்றபடி பத்து மணிக்கு மேல் நான் ஓட்டுவதில்லை, பதினொன்று வரைக்கும் ஓட்டினால் இன்சென்டிவ் கூடும் என்று ஆப் ஆசை காட்டும், காட்டட்டும்.

விபத்து ஏற்பட்டால் யார் பொறுப்பு? நிறுவனமா, அரசாங்கமா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

ஐயா, இதை நானே கீழே விழுந்துதான் கற்றுக்கொண்டேன். கைவேலி பக்கம் மணல் லாரி கொட்டிவிட்டுப் போன மணலில் சறுக்கி முட்டி பெயர்ந்தது. அதற்கப்புறம்தான் வண்டி இன்சூரன்ஸ் காகிதத்தை எடுத்து முழுசாகப் படித்தேன். சொந்த உபயோக வண்டிக்கான பாலிசியில், வாடகைக்கோ சரக்கு ஏற்றவோ பயன்படுத்தினால் செல்லாது என்று ஒரு வரி இருக்கும். வெள்ளை போர்டு ஸ்கூட்டரில் பிரியாணி கொண்டுபோனால் அது எதில் சேரும் என்று கேட்டேன், ஏஜென்ட் சிரித்தார், பதில் சொல்லவில்லை. நிறுவனம் ஒரு விபத்துக் காப்பீடு வைத்திருக்கிறது, ஆனால் ஆர்டர் கையில் இருக்கும்போது விழுந்தால்தான் அது. எனக்கு ஆர்டரைக் கொடுத்துவிட்டுக் காலியாகத் திரும்பும்போது அடிபட்டது.

தமிழ்நாட்டில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது, அதை எல்லாரும் தெரிந்துகொள்ளணும். 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டம். சாலை விபத்தில் அடிபட்டால் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியிலும் இலவசம். ஆரம்பத்தில் ஒரு லட்சம் வரைக்கும் இருந்தது, பிறகு இரண்டு லட்சம் ஆக்கினார்கள். வெளி மாநிலத்தவருக்கும் உண்டு. எங்கள் பாலத்தடியில் ஒடிசாப் பையன் ஒருவனுக்கு இதில்தான் காலில் பிளேட் வைத்தார்கள்.

சட்டம் என்று பார்த்தால், நாங்கள் தொழிலாளர் கணக்கில் வருவதில்லை, "பார்ட்னர்". லாபத்தில் பங்கு கேட்டுப் பார்க்கணும் ஒரு நாள். 2020-ல் கொண்டுவந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில்தான் முதல்முறையாகக் கிக் தொழிலாளர் என்று எங்களுக்கு ஒரு பெயர் கொடுத்தார்கள், அது நடைமுறைக்கு வந்தது 2025 நவம்பர் 21. ஆண்டு வருமானத்தில் 1 முதல் 2 சதவீதம் வரைக்கும் நிறுவனங்கள் எங்களுக்கான நிதிக்குக் கொடுக்கணும், ஆனால் எங்களுக்குக் கொடுக்கும் தொகையில் 5 சதவீதத்துக்கு மேல் போகாது. தமிழ்நாட்டில் 2023-லேயே எங்களுக்குத் தனி நலவாரியம் அமைத்தார்கள், 2025 பட்ஜெட்டில் 2,000 பேருக்கு மின்சார ஸ்கூட்டர் வாங்க 20,000 ரூபாய் மானியம் அறிவித்தார்கள். நான் வாரியத்தில் பதிந்து வைத்திருக்கிறேன், அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கு மத்திய அரசு கொடுக்கும் இ-ஷ்ரம் கார்டும் இருக்கிறது. கார்டு வந்த அன்று அம்மா அதற்குப் பொட்டு வைத்து சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள், இனிமேல் அதை எடுத்து யாரிடம் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

பிரியாணி வாசனை மூக்கைத் துளைக்கும்போது ஒரு வாய் எடுத்துச் சாப்பிடத் தோன்றாதா? (சும்மா தமாஷுக்கு.)
– ஈரோடு வாசகர்

தமாஷுக்கே பதில்: பையை வாரத்துக்கு ஒரு தடவை எலுமிச்சம்பழம் போட்டுக் கழுவினாலும் அந்த வாசனை போகாது. என் வீட்டுச் சாம்பார் சாதமே பையிலிருந்து எடுத்தால் பிரியாணி மாதிரி மணக்கும். மூன்று வருஷமாக எனக்குப் பிரியாணி பிடிக்காது.

கொட்டும் மழையில் ஆர்டர் போடுவது பாவமா? குற்ற உணர்ச்சியாக இருக்கிறது.
– திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு வேலைக்கு வந்தவர்

போடுங்கள். மழையில்தான் ஆர்டருக்குப் பத்து, பதினைந்து ரூபாய் சேர்த்துக் கொடுப்பார்கள், நீங்கள் பாவம் பார்த்தால் எங்களுக்கு அதுவும் போச்சு. ஆனால் மழையில் எது கஷ்டம் என்று தெரிந்துகொண்டு போடுங்கள். நனைவது ஒன்றும் இல்லை, போன்தான் கஷ்டம். ஜிப் கவருக்குள் போன், கவருக்கு மேல் தண்ணீர், ஈர விரலை வைத்தால் திரை தானாக எங்கெங்கோ ஓடும். ஒரு தடவை "டெலிவரி ஆகிவிட்டது" என்பதை அதுவாகவே அழுத்திக்கொண்டது, நான் இன்னும் இரண்டு கிலோமீட்டர் இந்தப் பக்கம். விரலைத் துடைக்கத் துப்பட்டா, துப்பட்டாவும் ஈரம், கடைசியில் ஹெல்மெட்டுக்குள் தலைமுடியில் துடைத்து ஓ.டி.பி. போட்டேன். அந்த நேரத்தில் நீங்கள் கேட் வரைக்கும் குடையோடு இறங்கி வந்தால் அதற்கு ஈடு கிடையாது. கேட்டுக்கு வந்த பிறகு கேன்சல் செய்யாதீர்கள், அதுதான் பாவம்.

தண்ணீர் நின்றால் விஷயமே வேறு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் இடுப்பளவு, வண்டியின் எஞ்சினுக்குள் தண்ணீர் போய் ஆறு நாள் வேலை இல்லை, மெக்கானிக்குக்கு 2,800. அடுத்த வருஷம் அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி பாலத்து மேல் வரிசையாகக் கார்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்களே, அந்தப் படத்தைப் பார்த்து ஊரே சிரித்தது. நான் சிரிக்கவில்லை, என் ஸ்கூட்டரும் அங்கேதான், இரண்டு காருக்கு நடுவில்.

வாடிக்கையாளர்களாகிய நாங்கள் உங்களுக்குச் செய்யக்கூடிய ஒரே ஒரு உதவி என்ன?
– பல வாசகர்கள்

விலாசம். லொகேஷன் பின்னைச் சரியான வாசலில் வையுங்கள், சென்னையில் இருப்பவர்கள் கதவில் இருக்கும் இரண்டு எண்ணையும் எழுதுங்கள். பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று என்று இந்த ஊரில் எத்தனையோ தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு நம்பர். வெறும் "14" என்று போட்டால் நான் எந்த 14-க்குப் போவேன்?

மேற்கு மாம்பலத்தில் ஒரு ராத்திரி அப்படித்தான். தூரத்து ஆர்டர், தெரியாத ஏரியா, 14 என்று போட்டிருந்தது, பின் தெரு முனைப் பிள்ளையார் கோயில் மேல் நிற்கிறது, போன் எடுக்கவில்லை. புதிய 14-க்குப் போய் மணி அடித்தேன். எழுபது வயசுத் தாத்தா ஒருவர் கதவைத் திறந்தார், பையைப் பார்த்ததும், "பழைய பதினாலு, நாலு வீடு தள்ளி, பச்சை கேட்" என்றார், நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே. சாரி தாத்தா, தூங்கிட்டு இருந்தீங்களா என்று கேட்டேன். "பரவாயில்லம்மா, தினமும் யாராச்சும் வருவாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே ஒரு தடவை திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "போன மாசம் ஒருத்தன் வந்தான், எங்கிட்டயே கொடுத்துட்டுப் போயிட்டான். பன்னீர் பீட்சா. நல்லாத்தான் இருந்துச்சு."